அட்டைக்கு இருபத்து நான்கு முட்டை

எங்கள் பள்ளி தேர்வாகியிருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் ராசிபுரம் பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை ஆசிரியர் குழுவில் போட்டிருந்தார். ‘நம் பள்ளி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது’ என்று முதல் வரி. அதற்குக் கீழே நீளமாக என்னவோ இருந்தது. தொங்குகிற மனிதனுக்கு முதல் வரி போதும். விருதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். கைதட்டும் படம் நான்கு, பூங்கொத்து இரண்டு அனுப்பினேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்ததால் அவரிடமும் சொன்னேன். இறங்கியதும் பேக்கரியில் ஜிலேபியும் மிக்சரும் வாங்கிக்கொண்டு பள்ளிக்குள் மாப்பிள்ளை மாதிரி நுழைந்தேன்.

“எதுக்குங்க சார் ஸ்வீட்டு?” என்றார் தலைமை ஆசிரியை.

“நம்ம ஸ்கூல செலக்ட் பண்ணியிருக்காங்களே மேடம்!”

அவர் தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். “முழுசாப் படிச்சீங்களா?” என்றார்.

அப்புறம்தான் படித்தேன். நாடு முழுக்க சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் அடைவுத் தேர்வு அது. மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், எதில் தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதற்காக மாவட்டத்துக்குச் சில பள்ளிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அந்தச் சிலவற்றில் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் ஒன்று. எங்களிடம் ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன் நான்.

வாங்கி வந்த ஜிலேபி முழுவதையும் நானேதான் தின்றேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

எங்கள் பக்கத்தில் பரீட்சை என்றால் ஃப்ளெக்ஸ் என்று அர்த்தம். நாமக்கல் பக்கம் மே மாதத்தில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முச்சந்திக்கு முச்சந்தி, இஸ்திரி போட்ட சட்டையில், சிரிக்கத் தெரியாத பிள்ளைகளின் முகங்கள், அதற்குக் கீழே மதிப்பெண். கோழியையும் பிள்ளையையும் கூண்டில் வைத்து வளர்ப்பதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த நாள் ஃப்ளெக்ஸில் நம் பக்கத்து வீட்டுப் பையன் எத்தனையாவது என்று பார்க்கப் போவோம். அப்படிப்பட்ட மண்ணில், மதிப்பெண்ணே சொல்லாத ஒரு பரீட்சை வருகிறது என்றால் யாருக்குத்தான் புரியும்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை இதை விளக்கினார். குழுவின் தலைவி ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலையில் இருக்கிற அம்மா. அவர் மகள் என் ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சு.

“அப்ப யாரு பர்ஸ்ட்டுன்னு சொல்ல மாட்டாங்களாங்க?” என்றார் அந்த அம்மா.

“சொல்ல மாட்டாங்க.”

“பிள்ளைக்கு மார்க்கு?”

“கிடையாதுங்க. பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது. மாவட்டம் மொத்தத்துக்கும் சேர்த்து, எந்தப் பாடத்துல எங்க பலவீனம்னு மட்டும் சொல்வாங்க.”

“அப்புறம் எதுக்குங்க மேடம் பரீட்சை வைக்கறாங்க?”

தலைமை ஆசிரியை அந்த அம்மாவின் பண்ணையையே எடுத்துக்கொண்டார். “உங்க பண்ணையில டாக்டர் வந்து நாலு கோழிக்கு ரத்தம் எடுத்துட்டுப் போறாருல்ல? அந்த நாலு கோழிக்கும் பரிசு குடுக்கறதுக்கா எடுக்கறாரு? ஷெட்டு மொத்தம் எப்படி இருக்குதுன்னு பாத்து, தேவைப்பட்டா தீவனத்த மாத்தச் சொல்றாருல்ல? அது மாதிரிதானுங்க.”

கூட்டத்துக்கு வந்த அம்மாக்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தலைவி அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, கண்ணில் ஒரு சிரிப்போடு கேட்டார்: “அப்பத் தீவனம் நீங்கதானுங்களே சார்?”

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைப்பவன் நான். என்னை வைத்துச் சிரித்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா கேட்டதுதான் உள்ளே போய்த் தைத்தது. கேலி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இல்லீங்க சார், எம்புள்ள உங்க வகுப்புன்னா உசுர உடறா. ஊட்டுக்கு வந்தும் உங்கள மாதிரியே பேசிக் காட்டறா. சிரிச்சுக்கிட்டே வாரா, சிரிச்சுக்கிட்டே போறா. நல்லதுதானுங்க. ஆனா படிக்கறாளுங்களா?”

“படிக்கறாங்கம்மா, படிக்கறாங்க” என்றேன், பேருந்தில் சில்லறை இல்லை என்று சொல்லும் அவசரத்தோடு.

அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு கேள்விதான். என் வகுப்பு கலகலவென்று இருக்கும். பின்னத்தைப் பங்காளிச் சண்டையாக நடிப்பேன். சதவீதத்துக்குத் துணிக்கடைத் தள்ளுபடிக்காரர் மாதிரிக் கூவுவேன். பிள்ளைகள் விடையைக் கத்துவார்கள், சரியாகக் கத்துவார்கள். இத்தனை வருடமும் அதைக் கல்வி என்றுதான் நினைத்திருந்தேன். அது வெறும் கச்சேரியாக இருந்துவிட்டால்? நான் இல்லாத ஓர் அறையில், முன்பின் தெரியாத ஒருவர் நீட்டும் தாளை இவர்கள் தாங்களே படித்து, தாங்களே போட்டுவிடுவார்களா? பள்ளிக்கு மதிப்பெண் வராது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. பிள்ளைகள் வெளியே வரும் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுமே.

வீட்டில் என் மனைவி குமாரபாளையத்துக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், அதனால் என் புலம்பல் எல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. “ஏனுங்க, பரீட்சை பசங்களுக்குத்தானே? நீங்க எதுக்குச் சாமி ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடக்கறீங்க?” என்றாள். பேசாமல் மருத்துவ விடுப்பு போட்டுவிடலாமா என்று கேட்டேன். “என்ன நோவுன்னு எழுதுவீங்க? ஆறாம் வகுப்புன்னா?” என்றாள்.

பதற்றத்தில் இருக்கும் வாத்தியார் முதலில் செய்வது எதுவோ அதையே நானும் செய்தேன். பாடத்தை விட்டுவிட்டு வட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். விடைத்தாளில் கேள்விக்கு நான்கு வட்டம் இருக்கும், சரியான விடைக்குரிய ஒன்றைப் பேனாவால் கறுப்பாக நிரப்ப வேண்டும். நிரப்பக் கற்றுக்கொடுத்தேன். வெளியே வழியக்கூடாது, உள்ளே இடைவெளி விடக்கூடாது. மூன்றாவது நாள் பள்ளியில் நிரப்பப்படாத வட்டமே இல்லை. பாடப்புத்தகத்து எண்களில் இருந்த பூஜ்யங்கள் எல்லாம் கறுத்துப் போயின. சுவரில் எழுதியிருந்த தேர்தல் வாக்குச்சாவடி எண்ணிலும் ஒரு பூஜ்யம் நிரம்பியிருந்தது. ஒரு பையன் மட்டும் எல்லாக் கேள்விக்கும் நான்கு வட்டத்தையும் நிரப்பியிருந்தான். ஏன் சாமி என்று கேட்டேன்.

“மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சத்துணவுல சொல்றீங்களே சார்.”

தலைமை ஆசிரியை இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மாதிரித் தேர்வு வைக்கச் சொன்னார். வட்டார வள மையத்திலிருந்து மாதிரி வினாத்தாள் வந்திருந்தது. “ஆனா ஒண்ணு சார். தாளைக் குடுத்துட்டுப் பேசாம உக்காரணும். அன்னிக்குத் தேர்வு நடத்த வர்றவரு பேச மாட்டாரு.”

“பேசாமயா?”

“வாயத் தொறக்கப்படாது.”

பதினைந்து வருட வேலையில் இதைவிடக் கடுமையான உத்தரவு எனக்கு வந்ததில்லை. தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பில் சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றும்போது கறகறவென்று சத்தம் போடும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் தாளைப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். மறுபடி தாள், மறுபடி நான். நான் கூரையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தலைவி அம்மாவின் மகள்.

“சார், இந்த முட்டக் கணக்கு தப்புங்க. ஆன்சரே இல்லீங்க.”

“எனக்கும் இல்லீங்க சார்.” “எனக்கும் சார்.” வகுப்பே கை தூக்கியது. எல்லாரிடமும் ஒரே விடை. நூற்று நாற்பத்திரண்டு.

எட்டிப் பார்த்தேன். ஐந்து அட்டை முட்டை, போகிற வழியில் எட்டு உடைந்துவிட்டது, மீதி எத்தனை. எங்கள் ஊரில் ஒரு அட்டை என்றால் முப்பது முட்டை. நடக்கக் கற்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிற விஷயம். ஐந்து முப்பது நூற்றைம்பது, எட்டுப் போக நூற்று நாற்பத்திரண்டு. கொடுத்திருந்த விடைகள் 112, 120, 128, 37. அடப்பாவிகளா!

எனக்குள் ஒரு பெரிய நிம்மதி பொங்கியது. தப்பு என் பிள்ளைகள் மேல் இல்லை, கேள்வித்தாள் மேல். வராந்தாவுக்குப் போய் வள மையத்து ஆசிரியர் பயிற்றுநருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன், பொறுமைசாலி. அன்று அவரை ஒரு பிடி பிடித்தேன்.

“சார், கேள்வி எடுத்தவரு முட்டையப் பாத்திருக்காராங்க? நாமக்கல் ஜில்லாவுக்கு அனுப்பற தாள்ல முட்டையிலயே தப்புப் பண்ணுனா எப்படீங்க? பச்சப் புள்ளைங்க சார், எல்லாம் கரெக்டாப் போட்டுருக்குதுங்க. நூத்தி நாப்பத்திரெண்டு. ஆப்ஷன்ல இல்ல!”

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப மெதுவாக, மனம் புண்படக்கூடாதே என்கிற குரலில் கேட்டார்.

“சார், கேள்வியப் படிச்சீங்களா?”

படித்தேன். ‘அட்டைக்கு 24 முட்டைகள் வீதம் 5 அட்டைகளில் முட்டைகள் அடுக்கப்பட்டன.’

இருபத்து நான்கு. அச்சில் தெளிவாக இருந்தது. வகுப்பு மொத்தமும் அதைத் தாண்டிப் போயிருந்தது, வாத்தியார் உட்பட. எவருக்கும் அந்த எண் கண்ணில் படவில்லை, ஏனென்றால் எங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. போனை வைத்ததும் வராந்தாவிலிருந்து உள்ளே போக எனக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது.

“பசங்களா, கேள்வி சரிதான். நாமதான் தப்பு” என்றேன்.

“எந்த ஊர்லங்க சார் அட்டைக்கு இருபத்தி நாலு?” என்றாள் முதல் பெஞ்சு, விடுவதாக இல்லை.

“அந்தக் கேள்வியில இருக்கற ஊர்ல சாமி.”

தாள்களைத் திருத்தியபோது விஷயம் இன்னும் தெளிவானது. 385-ஐ 7-ஆல் வகு என்றால் வகுத்துவிட்டார்கள். அதையே இரண்டு வாக்கியத்தில், ஒரு லாரியும் கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் வைத்துக் கேட்டால், கண்ணில் பட்ட எண்களைக் கூட்டி வைத்திருந்தார்கள். கணக்கு தெரியும். கேள்விதான் தெரியவில்லை.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த நாள் அதே தாளை எடுத்துக்கொண்டு, அதே கேள்விகளை வழக்கம்போல் நானே உரக்கப் படித்தேன். லாரி ஓட்டினேன், மூட்டை தூக்கினேன், நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். வகுப்பு ஒரே குரலில் சரியான விடையைக் கத்தியது. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி.

“நேத்து ஏன் சாமி வரல? இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

முதல் பெஞ்சு எழுந்து நின்றாள். இதுகூடத் தெரியாதா என்கிற இரக்கம் முகத்தில்.

“இன்னிக்கு நீங்க சொன்னீங்கல்ல சார்.”

“நான் எங்க சொன்னேன்? நாலையும்தானே படிச்சேன்?”

“சரியான ஆன்சர் வந்தா நீங்க இப்படிப் பண்ணுவீங்க சார்.”

அவள் பண்ணிக் காட்டினாள். மூன்று விடைகளைத் தட்டையாக வாசித்தாள். நான்காவதுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாள், இடது புருவத்தைத் தூக்கினாள், குரலைக் கொஞ்சம் இனிப்பாக்கினாள். அச்சு அசலாக நானேதான். வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர்கள் படிக்காமல் இல்லை. நன்றாகவே படித்திருக்கிறார்கள். புத்தகத்தை இல்லை, என் முகத்தை.

எந்தக் கேள்வியையும் அவர்கள் தாங்களாகப் படிக்க நான் விட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ‘வீதம்’ என்று புத்தகத்தில் இருந்தால் ‘ஒவ்வொண்ணுலயும்’ என்று நானே மாற்றிச் சொல்லிவிடுவேன். அப்புறம் ‘வீதம்’ என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்து, மென்றும் கொடுத்துவிட்டு, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன். தலைவி அம்மா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. அவரிடம் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தன. முதலில் என் முகத்தை ஒழிக்க வேண்டும். கொரோனாக் காலத்து முகக்கவசம் ஒன்று பீரோவில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு போனேன். புருவத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் கூலிங் கிளாஸும் சேர்த்துப் போட்டேன். கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றபோது தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார்.

“சார், பேங்க்குக்கா?” என்றார்.

“இல்லீங்க மேடம், வகுப்பு எடுக்கறேன்.”

“நான் கொள்ளையடிக்கப் போறீங்களோன்னு நினைச்சேன்.”

அவர்தான் எளிய வழியைச் சொன்னார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போட்டு உட்காருங்கள் என்றார். போட்டேன். முதல் இரண்டு நாளும் எல்லாருக்கும் கழுத்து வலி, திரும்பித் திரும்பிப் பார்த்து. அப்புறம் ஒவ்வொருவராகத் தாளுக்குத் திரும்பினார்கள். வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார்கள். விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படித்தார்கள். கணக்குப் போடவே வேண்டாம், கேள்வி என்ன கேட்கிறது என்று மட்டும் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அதுதான் வகுப்பு. ‘வீதம்’ ஒருநாள் முழுக்க ஓடியது. ‘மீதி’க்கும் ‘வித்தியாசத்து’க்கும் என்ன உறவு என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. முட்டை அட்டைகளை மட்டும் தினமும் மாற்றினேன். அட்டைக்கு ஆறு, அட்டைக்குப் பதினெட்டு, அட்டைக்கு நாற்பது. “இந்த ஊர்க் கோழி எல்லாம் கிறுக்குப் புடிச்சதுங்க சார்” என்றான் நான்கு வட்டத்தையும் நிரப்பியவன். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

என் பதற்றம் குறைந்ததா என்றால் இல்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்தால் பிள்ளைகளின் பின்னந்தலைகள் மட்டும்தான் தெரியும். பின்னந்தலையைப் பார்த்துப் புரிந்ததா புரியவில்லையா என்று யாரும் சொல்ல முடியாது. இத்தனை நாள் என் முகத்தை அவர்கள் படித்தது போலத்தான் அவர்கள் முகத்தை நானும் படித்து ஓட்டியிருக்கிறேன்.

இதற்கு நடுவே, நன்றாகப் படிக்காத பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று வேறொரு பள்ளியிலிருந்து ஒரு நண்பர் போனில் யோசனை சொன்னார். தலைமை ஆசிரியை காதில் அது விழுந்தது. “நோவு இல்லாத கோழிக்கு மட்டும் ரத்தம் எடுத்தா, நோவு எப்படீங்க தெரியும்?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தேர்வு நாளன்று ஆத்தூர்ப் பக்கமிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஆசிரியர் பயிற்சி படிப்பவர், கள ஆய்வாளர் என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். மரியாதையான பையன், ஆனால் முகத்தில் ஒரு சுருக்கமோ அசைவோ கிடையாது. வரவேற்பாக நான் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தேன். “சார், நீங்க இந்த ரூம் பக்கம் வரக் கூடாது” என்றார். என் முதல் பெஞ்சு கதவோரமாக நின்று அவரை நன்றாக ஆராய்ந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

“சார், அவரு மூஞ்சில ஒண்ணுமே எழுதல!”

“தாள்ல எழுதியிருக்கும், போ சாமி.”

எனக்குப் போக்கிடம் சத்துணவுக் கூடம்தான். சமையலம்மா வெந்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். பதற்றத்தில் உரித்த முட்டை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விட்டது, மஞ்சள்கரு என் கையில் நின்றது.

“நீங்க சும்மா உக்காருங்க சார். உங்களுக்கு உரிக்கக் குடுத்தா புள்ளைகளுக்கு மஞ்சக்கருதான் மிஞ்சும்” என்றார்.

தேர்வு நடக்கும் அறையின் ஜன்னல் அங்கிருந்து தெரிந்தது. ஒரு பின்னந்தலை, அதன் ரெட்டை ஜடை, தாளுக்கு மேல் குனிந்தபடி இருந்தது. அது நிமிரவில்லை. திரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, என்னால் ஆக வேண்டியதும் ஒன்றும் இல்லை. வாத்தியாராக இருப்பதில் இவ்வளவு சும்மா இருக்கும் ஒரு வேலையும் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் வெளியே வந்ததும் வளைத்துக்கொண்டேன். என்ன கேட்டாங்க, எப்படிப் போட்டீங்க?

“சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்” என்றது வகுப்பு.

“எங்கிட்டக் கூடவா?”

“உங்ககிட்டத்தான் முக்கியமாங்க சார்.”

என் முதல் பெஞ்சு மட்டும் கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். “சார், கேள்வி என்னன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தப்பாப் போட்டுட்டேனுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்துல தெரிஞ்சுதா?”

“இல்லீங்க சார். எழுந்து வரும்போது திருப்பி நெனச்சுப் பாத்தேன். அதுல ‘தவிர’ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. நான் அத உட்டுட்டேன்.” சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு முட்டைக்கு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

தப்பாகப் போட்ட ஒரு கணக்குக்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. சரியாகக் கத்திய ஆயிரம் விடைகளில் இல்லாத ஏதோ ஒன்று அந்த ஒரு தப்பில் இருந்தது.

முடிவுகள் வருவதற்கு அடுத்த கல்வியாண்டு ஆகிவிட்டது. பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், கணக்கோடு நானும் கூடவே போனேன். மாவட்ட அறிக்கை வந்தது என்று கேள்விப்பட்டதும், பழைய காலத்தில் நாளிதழில் பரீட்சை நம்பர் தேடியவன் மாதிரி செல்போனில் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். எங்கள் பள்ளி பெயர் எங்கும் இல்லை. இருக்காது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இருந்தாலும் மனசு கேட்கிறதா? எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு ஃப்ளெக்ஸ் ஆசை எளிதில் போகாது. மாவட்டம் மொத்தமும் சேர்ந்த படங்களும் கட்டங்களும் மட்டும்தான் இருந்தன. அந்தக் கட்டங்களுக்குள் எங்கேயோ என் பிள்ளைகளின் வட்டங்களும் கரைந்து கிடந்தன. ஒரு ‘தவிர’வும்.

வாக்கியக் கணக்கில்தான் மாவட்டமே சறுக்கியிருக்கிறது என்று அறிக்கை சொன்னதால், வள மையத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். போனில் என்னைக் கேட்ட அதே பயிற்றுநர்தான் நடத்தினார். வட்டாரத்துக் கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் இருந்தோம். பயிற்சி என்றால் பொதுவாகத் தூக்கமும் சமோசாவும்தான். அன்று அவர் எந்தப் படத்தையும் போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எழுத்துல இருக்கற கணக்க வகுப்புல நீங்களே படிச்சு, நீங்களே வெளக்கிச் சொல்றவங்க எத்தனை பேரு?”

முதலில் நான்தான் கையைத் தூக்கினேன், எப்படியும் அவருக்கு என் கதை தெரியும். அப்புறம் பக்கத்தில் ஒரு கை. முன் வரிசையில் இரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறை முழுக்கக் கைகள். நான் மட்டும்தான் கச்சேரி நடத்தினேன் என்று இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அந்தக் கைகளைப் பார்த்ததும் தூக்கிய கையை இறக்க மறந்துபோயிற்று. எல்லாரும் பாசத்தில் செய்ததுதான். பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் செய்தது. தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் இது தெரியவில்லை. நாடு முழுக்க வைக்கிற பரீட்சையால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் அறைக்கு அந்தக் கைகள் கிடைத்தன. அன்று மதியம் சமோசா வந்ததைக் கூடச் சில பேர் கவனிக்கவில்லை.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைவி அம்மா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“என்னங்க சார், ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களே, ரிசல்ட் வந்துதுங்களா? தீவனத்த மாத்தச் சொல்லிட்டாங்களா?”

“ஆள மாத்தலீங்க. பக்குவத்தத்தான் மாத்தியிருக்கோம்.”

“அதான் பாத்தேன்” என்றார். “முன்ன மாதிரி ஊட்டுல உங்கள மாதிரிப் பேசிக் காட்டறதில்லீங்க. எதப் பாத்தாலும் நின்னு படிக்கறா. பஸ்ஸு போர்டு, மருந்துச் சீட்டு, தீவன மூட்டை மேல இருக்கறது, ஒண்ணு உடறதில்ல. படிச்சுட்டுக் கேள்வி வேற கேக்கறா. நேத்து என்னடான்னா, ‘ஏம்மா, ஒரு அட்டைக்கு எதுக்கு முப்பது?’ங்கறா. நான் என்னத்தச் சொல்றது? சிரிப்பு கொறைஞ்சு போச்சுங்க சார்.”

படிக்கிறாள். அவர் கேட்டதற்கு அவரே பதில் சொல்லிவிட்டார், கவனிக்காமல். நான் நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் என் மண்டை அப்படிப்பட்டதில்லை. கடைசி நான்கு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டது. சிரிப்பு கொறைஞ்சு போச்சுங்க சார். போச்சா! பிள்ளைகளைப் படிக்க வைத்துச் சிரிப்பைக் கொன்றுவிட்டேனா?

மறுநாள் காலை ஏழாம் வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் ஒரு வாக்கியக் கணக்கை எழுதி, கீழே நான்கு விடைகளை எழுதினேன். ரொம்ப நாளுக்குப் பிறகு முன்னால் நின்றேன். நானே விடைகளை உரக்கப் படித்தேன். முதல் விடை, தட்டையாக. இரண்டாவது, தட்டையாக. மூன்றாவது தப்பான விடை. வேண்டுமென்றே அதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, இடது புருவத்தைத் தூக்கி, குரலில் சர்க்கரையைக் கொட்டினேன்.

யாரும் கத்தவில்லை. எல்லாக் கண்ணும் என்னைத் தாண்டிக் கரும்பலகைக்குப் போயிருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன. புருவத்தைத் தூக்கியபடியே நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் பெஞ்சு எழுந்தாள்.

“சார், புருவத்த எறக்குங்க. வலிக்கப் போவுது. கேள்வியில அப்படி இல்லீங்க.”

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை மேடம் என்று கையைக் காட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு நாற்காலி இருக்கும் பின்பக்கத்துக்கு நடந்தேன்.